வைரம் வாங்கும் முன் தரம் அறிவோம்

மளிகைக் கடைக்காரருக்கும் மண்டிக்காரருக்கும் வைரத்தைப் பற்றி என்ன கட்டுரை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நம் உறுப்பினர் வீடுகளில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், தங்கத்தோடு ஒரு ஜோடி வைரத்தோடும் ஒரு மூக்குத்தியும் பேச்சில் வந்துவிடுகின்றன. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கடை முதலிலிருந்துதான் வருகிறது. பருப்புக்கும் எண்ணெய்க்கும் போட வேண்டிய பணம் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய் உட்காருகிறது. ஆகவே இது நம் முதலைப் பற்றிய கட்டுரையும் ஆகும்.

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்க நாம் குத்தூசி போட்டுப் பார்க்கிறோம். உள்ளங்கையில் கொட்டி, தூசி, சொத்தை, ஈரம் எல்லாம் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். அதே நாம் ஒரு லட்ச ரூபாய் நகையை அரை மணி நேரத்தில், கடைக்காரர் சொல்வதைக் கேட்டு, காபி குடித்துவிட்டு வாங்கி வருகிறோம். நமக்குத் தெரியாத சரக்கு என்பதால் கேள்வி கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஊரும் நகைத் தொழிலும்

நம் பகுதிக்கும் நகைத் தொழிலுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூர் சிப்காட்டில் கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைத்ததை நாம் அறிவோம். அதே ஓசூரில் 1990களில் அந்நிறுவனத்தின் நகைத் தொழிற்சாலையும் வந்தது. தனிஷ்க் என்ற பெயரில் அதன் முதல் நகைக்கடை 1996-ல் சென்னையில் திறக்கப்பட்டது. 1990களின் கடைசியில் அவர்கள் கேரட் மீட்டர் என்னும் கருவியைக் கடைகளில் வைத்தார்கள். தங்கத்தை உரைக்காமல், உருக்காமல், சில நிமிடங்களில் அதன் மாற்று எவ்வளவு என்று அது காட்டிவிடும். தாங்கள் 22 கேரட் என்று நம்பி வாங்கிய நகை அதற்குக் குறைவாக இருப்பதைப் பலர் அப்போதுதான் கண்ணால் கண்டார்கள்.

தங்கத்துக்கு அப்படி ஒரு மீட்டர் கிடைத்துவிட்டது. வைரத்துக்கு அப்படி ஒரே எண்ணில் தரம் காட்டும் மீட்டர் இன்றும் கிடையாது. தங்கத்தில் மாற்றும் எடையும் தெரிந்தால் விலை தெரிந்துவிடும். வைரத்தில் நான்கு விஷயங்களைத் தனித்தனியே பார்த்து, பிறகு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே எடையுள்ள இரண்டு கற்களில் ஒன்றின் விலை மற்றொன்றைப் போல் பல மடங்கு இருப்பதற்கு இதுவே காரணம்.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு வைரமும் தெரியும். பாறையை அறுக்கும் கம்பியிலும் வட்ட ரம்பத்தின் பல்லிலும் இருப்பது வைரத் துகள். அது இயந்திரத்தில் செய்த வைரம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1954 டிசம்பரில் அப்படி ஒரு வைரத்தைச் செய்து, 1955-ல் உலகத்துக்கு அறிவித்தது. ரம்பத்தில் இருப்பதும் கரி, மூக்குத்தியில் இருப்பதும் கரி. இரண்டும் ஒரே பொருள்தான். தெளிவும் நிறமும் பட்டையும் பிறந்த இடமும் சேர்ந்துதான் ஒன்றை ரம்பத்துக்கும் மற்றொன்றை மூக்குக்கும் அனுப்புகின்றன. ஆகவே ‘அசல் வைரம்’ என்ற சொல் ஒன்றே தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதை முதலில் மனத்தில் கொள்வோம்.

நான்கு அளவுகோல்கள்

வைரத்தின் தரத்தை அளக்க இன்று உலகம் முழுவதும் பின்பற்றும் முறையை அமெரிக்காவில் உள்ள ஜிஐஏ என்னும் ரத்தினக்கல் நிறுவனம் 1950களில் வகுத்தது. எடை, நிறம், தெளிவு, வெட்டு என்பவை அந்த நான்கு.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் ரத்தினக் கடைவீதி வருகிறது. காக்கைக் கால் போன்ற குறி, களங்கம், புள்ளி, கோடு ஆகிய குற்றங்கள் இல்லாத வைரத்தை அது பேசுகிறது. பெயர்கள்தான் இன்று ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன.

எடை: வைரத்தின் எடை கேரட் கணக்கு. ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு கேரட்டுக்கு 100 சென்ட். 25 சென்ட் கல் என்றால் கால் கேரட், 50 மில்லிகிராம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தங்கத்துக்கும் நாம் கேரட் என்றே சொல்கிறோம். அது மாற்றைக் குறிப்பது. வைரத்துக்குச் சொல்லும் கேரட் எடை. ‘18 கேரட் வைரத்தோடு’ என்று யாராவது சொன்னால் தங்கம் 18 கேரட் மாற்று என்றுதான் பொருள். வைர நகைகளுக்குப் பெரும்பாலும் 18 கேரட் தங்கமே பயன்படுகிறது. 22 கேரட் தங்கம் மெதுவானது. கல்லைப் பிடித்திருக்கும் கம்பிகள் நாளடைவில் தளரும்.

எடை கூடினால் விலை நேர்க்கணக்கில் கூடுவதில்லை. இது முந்திரிப் பருப்பு விற்கும் நமக்குச் சுலபமாக விளங்கும். டபிள்யூ 320 ரகத்தை விட டபிள்யூ 180 ரகத்துக்குக் கிலோ விலை அதிகம். பருப்பு ஒன்றுதான், பெரிய பருப்பு அரிது. வைரத்திலும் அப்படியே. ஒரே தரத்தில், ஒரு கேரட் எடையுள்ள ஒற்றைக் கல்லின் விலை, தலா பத்து சென்ட் வீதம் பத்துக் கற்களின் விலையை விட மிக அதிகம்.

இதில்தான் நம்மவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். ஏழுகல் தோடு ஒரு ஜோடியில் 14 கற்கள். மொத்த எடை ஒரு கேரட் என்றால், ஒவ்வொரு கல்லும் சுமார் 7 சென்ட்தான். கணக்குக்காக மட்டும் ஒரு விலையை வைத்துக்கொள்வோம். 7 சென்ட் கற்களின் விலை கேரட்டுக்கு 60,000 ரூபாய் என்றால் அந்தத் தோட்டின் வைரம் 60,000 ரூபாய். ‘ஒரு கேரட் வைரம்’ என்று மொட்டையாகச் சொல்லி, ஒற்றைக் கல்லின் விலையை மனத்தில் ஏற்றி, ‘உங்களுக்காகக் குறைத்துத் தருகிறேன்’ என்றால் நமக்கு லாபம் போலத் தோன்றும். ஆகவே மொத்தக் கேரட் எவ்வளவு, கல் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை சென்ட் என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

அரை கேரட், ஒரு கேரட் போன்ற முழு அளவுகளில் விலை படியேறும். 1.00 கேரட் கல்லுக்கும் 0.95 கேரட் கல்லுக்கும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. கேரட் விலையில் வித்தியாசம் உண்டு. படிக்குச் சற்றுக் கீழே உள்ள கல்லைக் கேட்டு வாங்குவது சிக்கனம்.

நிறம்: வெள்ளை வைரத்தின் நிறத்தை ஆங்கில எழுத்து டி-யில் தொடங்கி இசட் வரை வரிசைப்படுத்துகிறார்கள். டி, இ, எஃப் மூன்றும் நிறமே இல்லாதவை. ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமில்லாதவை. கே-யில் தொடங்கி மெல்ல மஞ்சள் தட்டும். மஞ்சள் தங்கத்தில் பதித்து நாம் அணியும் தோட்டில், ஜி-க்கும் இ-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பழகாத கண் காணாது. பணம் மட்டும் அந்த வித்தியாசத்தைக் காணும்.

நிறம் பார்க்கும் முறை சுலபம். கடை விளக்கின் கீழ் எந்தக் கல்லும் மின்னும். அந்த விளக்குகள் அதற்காகவே போடப்பட்டவை. பதிக்காத கல்லாக இருந்தால், வெள்ளைத் தாளை மடித்து அதன் மேல் கல்லைக் கவிழ்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். நகையாக இருந்தால் வாசல் பக்கம் கொண்டுவந்து நிழலில் பாருங்கள். பழைய பாணித் தோடுகளில் கல்லின் பின்புறம் தங்கத்தால் மூடியிருக்கும். மூடிய கட்டில் கல்லின் நிறமும் குறையும் மறைந்துவிடும். பின்புறம் திறந்த கட்டில் உள்ள நகையைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

தெளிவு: கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கீறல், மேகம் போன்றவற்றைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். மொத்தம் 11 படிகள். குறையே இல்லாதது எஃப்எல். அடுத்து, மேற்பரப்பில் மட்டும் அற்பக் குறையுள்ள ஐஎஃப். பிறகு விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு என இரு படிகள். கடைசியாக ஐ1, ஐ2, ஐ3. விஎஸ் தரக் கல்லில் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாது. எஸ்ஐ தரத்திலும் பல கற்களில் தெரியாது. ஐ தரத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடும். பெரிய விரிசல் இருந்தால் கல்லின் உறுதியும் குறையும். கையில் லென்ஸ் இல்லாவிட்டால் கடையில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் கடையில் வாங்கவும் தயங்குங்கள்.

வெட்டு: நான்கில் நம்மவர் அதிகம் கவனிக்காததும், கல்லின் ஒளிக்கு அதிகக் காரணமானதும் இதுவே. எடையும் நிறமும் தெளிவும் மண்ணிலிருந்து வருபவை. வெட்டு மட்டும் மனிதன் கையில் இருக்கிறது. வட்டக் கல்லில் 57 அல்லது 58 பட்டைகள் உண்டு. மேலே நுழையும் ஒளி அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வர வேண்டும். எந்த அளவில் வெட்டினால் ஒளி நன்றாகத் திரும்பும் என்று மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-ல் கணக்கிட்டு எழுதினார். கல் குடம் போல ஆழமாக இருந்தாலும் தட்டு போலச் சப்பையாக இருந்தாலும் ஒளி கீழே ஒழுகிவிடும்.

ஆழமான வெட்டில் வியாபாரத் தந்திரம் ஒன்றும் உண்டு. எடை முழுவதும் வயிற்றில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் கல் சிறிதாகத் தெரியும். கேரட்டுக்குத்தானே விலை என்று வெட்டுபவர் எடையைக் காப்பாற்றிக்கொள்கிறார். இதைக் கண்டுபிடிக்க ஓர் அளவு சொல்கிறோம். நன்றாக வெட்டிய ஒரு கேரட் வட்டக் கல்லின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர். அரை கேரட் கல் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 10 சென்ட் கல் சுமார் 3 மில்லிமீட்டர். ஏலக்காயை மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரித்து வாங்கும் நமக்கு இது பழகிய வேலைதான்.

கைப்பணம் குறைவாக இருந்தால் எதை விட்டுக்கொடுப்பது? வெட்டை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே நம் யோசனை. நிறத்தில் இரண்டு படி இறங்கலாம். தெளிவில் விஎஸ் அல்லது நல்ல எஸ்ஐ போதும். எடையில் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். நல்ல வெட்டுள்ள சிறிய கல், மோசமான வெட்டுள்ள பெரிய கல்லை விட நன்றாக ஒளிவிடும்.

புளூ ஜாகர், தோஷம்

தமிழ்நாட்டு நகைக்கடைகளில் ‘புளூ ஜாகர்’ என்று ஒரு பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் என்ற சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அங்கே கிடைத்த உயர்ந்த வெள்ளைக் கற்கள் வெயிலில் நீலம் தட்டித் தெரிந்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. அந்தச் சுரங்கம் 1971-ல் மூடப்பட்டுவிட்டது. இன்று அந்தப் பெயர் நல்ல வெள்ளைக் கல் என்பதற்கான விற்பனைச் சொல்லாகவே வழங்குகிறது.

நீல ஒளிர்வு என்பது கல்லின் ஓர் இயல்பு. சான்றிதழில் ஒளிர்வு இல்லை, லேசு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று அதற்கென ஓர் இடம் இருக்கும். லேசாக மஞ்சள் தட்டிய கல்லை அது சற்று வெளுப்பாகக் காட்டும். மிக அதிகமாக இருந்தால் சில கற்கள் வெயிலில் பால் கலந்தது போல் மங்கும். பன்னாட்டுச் சந்தையில் உயர்ந்த நிறக் கல்லில் ஒளிர்வு அதிகம் இருந்தால் விலையைக் குறைப்பார்கள். நாமோ அதே பெயருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம். பெயருக்கு விலை கொடுக்காமல் சான்றிதழில் உள்ள எழுத்துக்கு விலை கொடுங்கள்.

வைரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, வாங்கும் முன் இரண்டு மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் அந்த வழக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. அந்த மூன்று நாளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, கல்லை வேறொரு பரிசோதனைக் கூடத்தில் காட்டிவிடலாம். பெங்களூர் நமக்கு நாற்பது கிலோமீட்டர்தான்.

போலியும் செயற்கையும்

இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது. போலி வைரம் என்பது வைரம் போலத் தோன்றும் வேறு கல். நாம் அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்லும் கியூபிக் ஜிர்கோனியா அப்படிப்பட்டது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். அதை அதன் பெயர் சொல்லி விற்றால் குற்றமில்லை. வைரம் என்று விற்றால்தான் மோசடி.

நாட்டுப்புறச் சோதனைகளை நம்ப வேண்டாம். கண்ணாடியைக் கீறினால் வைரம் என்பார்கள். ஜிர்கோனியாவும் கண்ணாடியைக் கீறும். சுத்தியால் அடித்தால் வைரம் உடையாது என்பார்கள்; உடையும். கடினம் வேறு, உறுதி வேறு. வைரத்தைக் கீற வேறு கல்லால் முடியாது. ஆனால் குறிப்பிட்ட திசையில் அடிபட்டால் அது பிளந்துவிடும். அப்படிச் சோதித்துப் பார்த்து நல்ல கல்லை இழந்துவிடாதீர்கள்.

எடையில் ஒரு சோதனை உண்டு. அதே அளவுள்ள ஜிர்கோனியா, வைரத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல் எடை இருக்கும். பதிக்காத கல்லுக்கு மட்டுமே இது பொருந்தும். கடைகளில் பேனா போன்ற வெப்பச் சோதனைக் கருவி வைத்திருப்பார்கள். ஜிர்கோனியாவை அது காட்டிக்கொடுக்கும். மாய்சனைட் என்ற மற்றொரு கல் வெப்பத்தை வைரம் போலவே கடத்துவதால் அந்தக் கருவி ஏமாந்துவிடும். அதற்கு மின்சாரச் சோதனையும் சேர்ந்த கருவி வேண்டும். கருவியில் விளக்கு எரிந்ததுமே திருப்தி அடைந்துவிடாமல், எந்தக் கருவி என்று கேளுங்கள்.

ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் இதிலிருந்து வேறுபட்டது. அது உண்மையான வைரமே. பூமிக்குள் நடந்த வேலையை இயந்திரத்தில் சில வாரங்களில் செய்துவிடுகிறார்கள். கண்ணாலும் லென்சாலும் பேனாக் கருவியாலும் பிரித்தறிய முடியாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். நம் நாட்டிலும் இத்தொழிலை வளர்க்க 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.க்கு இதற்கான ஆய்வு மையம் அமைக்க ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

பொருள் நல்லதுதான். விலையில்தான் எச்சரிக்கை வேண்டும். உலக வைரச் சந்தையை நெடுங்காலம் கையில் வைத்திருந்த டி பியர்ஸ் நிறுவனம், 2018-ல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைரத்தைக் கேரட் 800 டாலர் என்று விற்கத் தொடங்கியது. விலை சரிந்துகொண்டே போகவே, 2025-ல் அந்த வியாபாரத்தை மூடுவதாக அறிவித்தது. ஜிஐஏ நிறுவனமும் 2025 அக்டோபர் முதல் ஆய்வக வைரத்துக்கு டி முதல் இசட் வரையான எழுத்துகளைத் தருவதில்லை. பிரீமியம், ஸ்டாண்டர்டு என்று இரண்டே பிரிவு. உற்பத்தியைக் கூட்டிக்கொண்டே போகக்கூடிய சரக்கின் விலை எந்தப் பக்கம் போகும் என்று வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழகுக்கு வேண்டுமென்றால், ஆய்வக வைரம் என்று தெரிந்து, அதற்குரிய குறைந்த விலையில் தாராளமாக வாங்கலாம். இயற்கை வைரத்தின் விலை கொடுத்து வாங்கிவிடக் கூடாது.

முத்திரையும் சான்றிதழும்

பி.ஐ.எஸ். ஹால்மார்க் முத்திரை இருக்கிறதே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த முத்திரை தங்கத்தின் மாற்றுக்கு மட்டும். 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியுடன்தான் ஹால்மார்க் நகைகளை விற்க முடியும். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்தக் குறியைப் போட்டுச் சரிபார்க்கலாம். 750 என்றால் 18 கேரட் தங்கம். அதில் பதித்த கல்லைப் பற்றி அந்த முத்திரை ஒரு சொல்லும் சொல்வதில்லை. மேலும் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. வைர மூக்குத்தி பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வரும். ஆகவே மூக்குத்தி வாங்குபவருக்கு பில்லும் சான்றிதழும்தான் துணை.

வைரத்துக்குத் தனிச் சான்றிதழ் கேட்க வேண்டும். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற, விற்பனையில் சம்பந்தப்படாத பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ்தான் சான்றிதழ். கடைக்காரர் தம் பெயரிலேயே அச்சடித்துக் கொடுக்கும் அட்டை, நாமே எழுதி நாமே கையெழுத்துப் போடும் எடைச்சீட்டுக்குச் சமம். சான்றிதழ் எண்ணை அந்தக் கூடத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஒற்றைக் கல்லாக இருந்தால், பல கற்களின் விளிம்பில் அதே எண் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும், லென்சில் படிக்கலாம். 7 சென்ட் கற்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் கட்டுப்படியாகாது. அப்போது முழு நகைக்கும் ஒரே சான்றிதழ் தருவார்கள். பதித்த நிலையில் பார்ப்பதால் நிறமும் தெளிவும் ஓர் எல்லைக்குள்தான் எழுதியிருக்கும். அதில் உயர்ந்த எழுத்தை மட்டும் காட்டி விலை சொன்னால், தாழ்ந்த எழுத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.

பில்லில் பார்க்க வேண்டியவை

மொத்த எடை, நிகரத் தங்க எடை, வைரத்தின் கேரட் எடை, கற்களின் எண்ணிக்கை, நிறம், தெளிவு, வைர விலை, தங்க விலை, செய்கூலி, சேதாரம், வரி ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். தோட்டின் மொத்த எடை 6.200 கிராம், வைரம் ஒரு கேரட் என்றால், 0.200 கிராமைக் கழித்து 6 கிராமுக்குத்தான் தங்க விலை. 6.200 கிராமுக்கும் தங்க விலை போட்டு, வைரத்துக்கும் தனியே போட்டால், ஒரே கல்லுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறோம். சாக்கின் எடையைக் கழிக்காமல் பருப்புக்கு விலை போட்டால் நாம் சும்மா இருப்போமா?

‘இயற்கை வைரம்’ அல்லது ‘ஆய்வக வைரம்’ என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது வழக்குக்கு உதவாது. பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம். 2017 ஜூலை முதல் நகைக்கு நாடு முழுவதும் ஒரே 3 சதவீத ஜி.எஸ்.டி.தான். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் வரி குறையும் என்பது பழைய கதை. மிச்சப்படுத்தும் அந்த மூன்று ரூபாய்க்காக மீதி நூறு ரூபாய்க்கான ஆதாரத்தை விட்டுவிடக் கூடாது. பில் இருந்தால், ஏமாற்றப்பட்டவர் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 50 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கான வழக்கை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

அவசரத்துக்கு உதவுமா?

நம் வியாபாரத்தில் நகை என்பது வெறும் அலங்காரம் அல்ல. சீசனில் புளி கொள்முதலுக்குப் பணம் போதாவிட்டால், வீட்டு நகையை வங்கியில் வைத்து முதல் புரட்டி, சரக்கு விற்றதும் மீட்பது நம் நடைமுறை. தங்கம் நமக்கு இரண்டாவது கல்லாப் பெட்டி. அதே நம்பிக்கையில் வைரத்தோட்டையும் எடுத்துக்கொண்டு போனவர்கள் நம்மில் பலர் உண்டு. மதிப்பீட்டாளர் கல்லின் எடையைக் கழித்து, 18 கேரட் தங்கத்துக்கு மட்டும் மதிப்புப் போடுவார். கல்லுக்கு ஒரு ரூபாய் கிடையாது. இதில் வங்கி மேல் குறையில்லை. நகைக்கடனில் தங்கத்தின் உள்ளார்ந்த மதிப்பை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும், கற்களின் விலையைச் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரு லட்ச ரூபாய் நகையில் 60,000 வைரம், 40,000 தங்கமும் செய்கூலியும் என்றால், அவசரத்துக்கு உதவுவது அந்தத் தங்கத்தின் ஒரு பகுதி மட்டுமே.

விற்றாலும் நிலைமை பெரிதாக மாறாது. தங்கத்துக்குத் தினமும் காலையில் ஊரறிந்த ஒரு விலை உண்டு. வைரத்துக்கு அப்படிப் பொதுவிலை இல்லை. வாங்குபவர் சொல்வதே விலை. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் ஓரளவு கிடைக்கும், அதுவும் பல கடைகளில் வேறு நகையாக மாற்றிக்கொள்ளத்தான். ஆகவே வாங்கும்போதே மாற்றினால் எத்தனை சதவீதம், பணமாகத் திரும்பப் பெற்றால் எத்தனை சதவீதம், அது அன்றைய விலையிலா பில் விலையிலா என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இயற்கை வைரத்தின் விலையும் 2022-க்குப் பிறகு இறங்கியதை உலகச் சந்தை பார்த்தது. ‘வைரம் விலை இறங்காது’ என்ற சொல்லை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்.

இதனால் வைரம் வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மகளுக்கு ஆசையாக ஒரு தோடு போட்டுப் பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சிக்கு விலை உண்டு. அந்த மகிழ்ச்சிக்காக வாங்குங்கள். அதை வீட்டுச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். கடை முதல் கணக்கில் எழுதாதீர்கள். முதலாக நிற்க வேண்டிய பணம் தங்கத்திலோ வங்கியிலோ சரக்கிலோ இருக்கட்டும்.

சுருக்கமாகச் சில யோசனைகள்

1. கடைக்குப் போகும் முன் பட்ஜெட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடை முதலிலிருந்து எடுக்காதீர்கள்.

2. மொத்தக் கேரட், கல் எண்ணிக்கை, ஒரு கல்லின் சென்ட் மூன்றையும் கேளுங்கள்.

3. பகல் வெளிச்சத்தில், லென்சில், பின்புறம் திறந்த கட்டில் பாருங்கள்.

4. வெட்டுக்கு முதலிடம் கொடுங்கள். நிறத்திலும் தெளிவிலும் நடுத்தரம் போதும்.

5. இயற்கையா ஆய்வகமா என்பது பில்லில் இருக்கட்டும். சான்றிதழ் எண்ணைச் சரிபாருங்கள்.

6. கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை.

7. திருப்பி எடுக்கும் நிபந்தனையைக் கையெழுத்துடன் வாங்குங்கள்.

8. குறைந்தது மூன்று கடைகளில் ஒரே தரத்தைச் சொல்லி விலை கேளுங்கள். நிறம், தெளிவு, வெட்டு, சென்ட் நான்கையும் சொல்லிக் கேட்டால்தான் மூன்று விலைகளையும் ஒப்பிட முடியும்.

கடைசி யோசனையை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. ‘ஏழுகல் தோடு என்ன விலை’ என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் ஒரு விதமாகவும், ‘ஜி நிறம், விஎஸ் தெளிவு, கல் ஏழு சென்ட், வெட்டு என்ன தரம்’ என்று கேட்பவரிடம் வேறு விதமாகவும் விலை பேசப்படும். நம் கடைக்கு வந்து பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து ரகத்தின் பெயர் சொல்லிக் கேட்பவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், இதன் உண்மை நமக்கே விளங்கும்.